கிராம்பு அடக்கிய வாய்

அந்த மூக்குத்தியைத் திருடியது நீங்கள்தான், ஐயா.

கோலாலம்பூரிலிருந்து வந்து எங்களுக்குச் சிறுகதைப் பட்டறை நடத்துகிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை. மறக்க முடியாத ஒருவரைப் பெயர் சொல்லாமல் எழுதுங்கள் என்று இந்த இதழ்க்காரர்கள் கேட்டார்கள். அதனால் நான் எழுதப்போகிறவருடைய பெயரும் இதில் இருக்காது. பெயர் போடாவிட்டால் ஆள் தெரியாது என்று நினைப்பவர்கள் எங்கள் ஊரான லாயாங் லாயாங்கில் ஒரு வாரம் குடியிருந்து பார்க்கட்டும். எனக்குப் பரிசு வாங்கித் தந்த கதையிலும் பெயர் கிடையாது. அது அவரைக் காப்பாற்றவில்லை.

அந்தக் கதையை உங்கள் தொகுப்பில் முதல் கதையாகப் போடப்போகிறீர்கள். வேண்டாம் என்று வாட்சப்பில் எழுதினேன். "கதை வேறு, வாழ்க்கை வேறு. பெரிதுபடுத்தாதீர்கள்" என்று பதில் போட்டு, கும்பிடும் கை ஒன்றையும் வைத்தீர்கள். அதனால்தான் இப்போது நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். திருட்டுக்கு உடந்தை யார் என்பதையும் எழுதத்தான் போகிறேன். அதற்கு முன்னால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த முறையாவது பொய் கலக்காமல்.

எல்லாருக்கும் அவர் அக்காதான். என் அம்மாவும் அக்கா என்றாள், நானும் அக்கா என்றேன், என் அண்ணன் மகளும் அப்படித்தான் கூப்பிட்டாள். சிம்பாங் ரெங்கம் போகும் சாலையில் இருக்கிற செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை. கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக் கன்று ஊன்ற வேண்டும். அது வயிற்றுக்காகச் செய்த வேலை. இன்னொன்றும் செய்தார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்துவிட்டால், அந்த உடம்பைக் குளிப்பாட்டித் துடைத்துச் சேலை கட்டிவிடுவது அவர்தான். இப்போது வேன் வைத்திருக்கிற ஆட்கள் வந்து எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்கிறார்கள். இருந்தாலும் அம்மாவின் உடம்பை முன்பின் தெரியாத ஆம்பளைகளிடம் விட மனம் வராத வீடுகள் உண்டு. அந்த வீடுகளிலிருந்து அக்காவுக்குப் போன் போகும்.

போன் வந்ததும் முதலில் சாப்பிடுவார். வயிறு நிறைய. சாவுச் செய்தியைக் கேட்டுவிட்டு ஒருவர் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்வதைப் பார்த்தால் உங்களுக்கு என்னவோபோல் இருக்கும். எனக்கும் இருந்தது. ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"பசியோட போனா அழுக வந்துரும்மா. அழுதுகிட்டே தண்ணி ஊத்துனா கை நடுங்கும். அவங்க காதுக்குள்ள தண்ணி போயிரும்."

பிறகு கப்சாய் மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் பச்சை வாளியை வைத்துக்கொண்டு கிளம்புவார். வாளிக்குள் அரப்புத்தூள், மஞ்சள், நல்லெண்ணெய், துவைத்து மடித்த பழைய துண்டுகள், ஒரு நகவெட்டி. செத்த வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து நகம் வெட்டுவார். பண்ணை மண் நகக்கண்ணில் இருக்கும். அதைத் தோண்டி எடுத்து, தேய்த்துக் கழுவி முடிக்கும்வரை யார் அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டார். இடது கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார். பேசும்போது அந்த வாசம் வரும்.

"காரியம் செய்யுற பண்டாரம் வந்து ஒக்காந்திருக்காரு லா அக்கா, சீக்கிரம்" என்று யாராவது கத்துவார்கள்.

"அவருக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுங்க. இவங்க எங்கயும் எந்திரிச்சு ஓடிற மாட்டாங்க."

குளிப்பாட்டும் இடத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியதும் வெளியே தலையை நீட்டிக் கூப்பிடுவார். "யாராச்சும் ஒருத்தவங்க நில்லுங்க." அது அவருடைய சட்டம். வீட்டுப் பெண் ஒருத்தி பக்கத்தில் நிற்காமல் உடம்பின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட மாட்டார். தோடு, வளையல், மெட்டி எதுவானாலும் கழற்றி, நிற்பவளின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மூடிவிடுவார். கடைசியில் தன் இரண்டு கைகளையும் விரித்து முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை காட்டுவார்.

"பாத்தீங்கல்ல?"

அவ்வளவுதான் அவர் பேச்சு. நன்றி சொல்ல வருபவர்களுக்கு முகம் கொடுக்க மாட்டார். வாளியைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொள்வார்.

ஒரு வீட்டில் மூன்று மகள்களும் அம்மாவுக்கு எந்தச் சேலை கட்டுவது என்று சண்டை போட்டார்கள். அம்மாவுக்குப் பிடித்த நிறம் பச்சை என்றாள் ஒருத்தி. மாம்பழ மஞ்சள் என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் புதுப்பட்டு வாங்கிக்கொண்டே வந்துவிட்டாள். அக்கா அலமாரியைத் திறந்து ஒவ்வொரு சேலையின் கீழ்க்கரையையும் விரலால் தடவிப் பார்த்தார். கரை நைந்து நூல் பிரிந்த ஒரு ஊதா நூல்சேலையை இழுத்தார். "இதத்தான் அவங்க கட்டியிருக்காங்க. மத்ததெல்லாம் நீங்க வாங்கிக் குடுத்தது" என்றார். மூன்று மகள்களும் வாயை மூடினார்கள். ஒரு மனுஷியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீங்கள் மூன்று மணி நேரம் பேசினீர்கள், ஐயா. அவர் ஒரு அலமாரிக் கதவைத் திறந்தார்.

தன்மேல் பழி வந்தால் மட்டும் பேச மாட்டார். அதுதான் அவர். மற்றதெல்லாம் சில்லறைப் பழக்கங்கள்.

ஒரு வீட்டில் பித்தளைக் குடம் ஒன்று நசுங்கியது. தண்ணீர் தூக்கி வந்த மாப்பிள்ளை கையிலிருந்து விழுந்ததை நானே பார்த்தேன். மாமியார்க்காரி அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "பாத்துச் செய்யக்கூடாதா, எங்க அம்மா வீட்டுக் கொடம் லா அது!" அக்கா "சரி லா" என்று சொல்லிவிட்டு நசுங்கிய குடத்திலேயே தண்ணீர் மொண்டார். அன்று அவர் வண்டியில்தான் நான் வீட்டுக்குத் திரும்பினேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு அவர் காதில் கத்தினேன்.

"நீங்க போடலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"யாருகிட்ட?"

"அந்தம்மாகிட்ட."

"பாத்தவங்களுக்குத் தெரியும். பாக்காதவங்ககிட்ட என்னத்தப் போயிச் சொல்றது?"

"அப்ப பாத்தவங்க சொல்லலன்னா?"

வண்டி ரயில் பாதையைத் தாண்டிக் குலுங்கியது.   அந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன் என்பது மட்டும் நினைவில் இருக்கிறது.

என் அம்மா இறந்தபோது பக்கத்தில் நின்றது நான்.

அம்மாவின் மூக்குத்தி கழலவில்லை. ஒற்றைக் கல். கல்யாணத்துக்கு முன்னால் போட்டது, திருகு சதையோடு ஒட்டிப்போயிருந்தது. வெளியே மழை பிடிக்கப் போகிறது என்று ஆண்கள் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "வெட்டி எடுத்துருங்கக்கா" என்றாள் என் அண்ணி. அக்கா நல்லெண்ணெயைச் சுண்டுவிரலில் தொட்டுத் தொட்டு வைத்தார். கொஞ்சம் திருகிப் பார்ப்பார். மறுபடி எண்ணெய். அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

"செத்தவங்களுக்கு வலிக்கவா போவுது?" என்றாள் அண்ணி.

"எனக்குத் தெரியாது லா. நீங்க செத்துப் பாத்தீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பக்கத்தில் கிடக்கிறாள், நான் சிரிக்கிறேன். அக்காவும் சிரித்தார், கிராம்பு வெளியே விழாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு. கடைசியில் மூக்குத்தி கழன்றது. மூக்கில் ஒரு கீறல்கூட இல்லை. அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். கைகளை விரித்துக் காட்டினார். "பாத்தீல்ல?" என்றார். பார்த்தேன். அந்தக் கை சுத்தம் என்பதற்கு ஊரில் ஒரு சாட்சி வேண்டுமென்றால் அது நான்தான்.

அதைத்தான் முதலில் எழுதினேன், ஐயா. உங்களுக்கு நினைவிருக்காது.

பத்து பாகாட் ஊரில் ஒரு பள்ளி மண்டபம், ஞாயிற்றுக்கிழமை, முப்பது பேர். பாத்திரப் படைப்பு என்று பலகையில் எழுதினீர்கள். என்னுடைய நாலு பக்கத்தையும் எல்லாருக்கும் முன்னால் படித்தீர்கள். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றினீர்கள்.

"இது கதை இல்லம்மா. இரங்கல் கூட்டத்துல வாசிக்கிற பாராட்டு. இவ்ளோ நல்லவங்கள வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? மாலை போடலாம். கதை எழுத முடியாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் பிளாஸ்டிக் சாமான் செய்கிற தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறவள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வாத்தியார்கள். சிரிக்காமல் என்ன செய்வது.

அதன்பிறகு சொல்லிக் கொடுத்தீர்கள். குணத்தை வாயால் சொல்லாதே, செய்கையில் காட்டு. கையில் ஒரு பொருளைக் கொடு. அந்தப் பொருளை முதல் பக்கத்தில் சும்மா காட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் அதற்கு வேலை கொடு. ஊர் அவளைப் பற்றி நினைப்பதற்கும் அவள் செய்வதற்கும் நடுவில் ஒரு விரிசல் வை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் நாசி லெமாக் பொட்டலத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

"அந்தக் கிராம்பு அருமைம்மா. பிண வாடைக்கு எதிரா ஒரு பொம்பள வாயில அடக்கி வச்சிருக்கிற வாசனை. அத வேலை செய்ய விடுங்க."

மூக்குத்தி என்று நீங்கள் சொல்லவில்லை. ஒத்துக்கொள்கிறேன். அது எனக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் தோன்றியது, ஆயர் ஈத்தாம் தாண்டும்போது. கைகளை விரித்துக் காட்டுகிறாள். கை காலி. மூக்குத்தி எங்கே? வாய்க்குள், கிராம்புக்குக் கீழே. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அக்காவின் முகம் ஒரு நிமிடம் கண்ணில் வந்தது. வந்தது, போய்விட்டது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கடைசி வரியை எழுதினேன்: "வீட்டுக்குப் போகும் வழியில் கிராம்பைத் துப்பினாள். மூக்குத்தியைத் துப்பவில்லை."

நீங்கள்தான் நடுவர். முதல் பரிசு கொடுத்தீர்கள். உயிருள்ள பாத்திரம் என்றீர்கள். கதை ஞாயிறு பத்திரிகையில் வந்தது. தலைப்பு 'கிராம்பு'. யாரோ அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எங்கள் கோயில் வாட்சப் குழுவில் போட்டார்கள். நான் அதை ஒரே நாளில் பத்துத் தடவை திறந்து பார்த்தேன். தொழிற்சாலையில் பங்களாதேஷ்காரப் பையனிடம்கூட என் படத்தைக் காட்டினேன். அவனுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நல்லா இருக்கு என்று தலையாட்டினான். அப்படி ஒரு சந்தோஷம்.

ஊரில் யாருக்கும் கதை புரியாமல் போகவில்லை. "அட, இது நம்ம அக்கா லா!" மோட்டார் சைக்கிள், வாளி, நகவெட்டி, இரண்டாம் சோறு, கைகளை விரிப்பது, கிராம்பு. எல்லாம் உண்மை. வேண்டுமென்று நான் எதையும் மாற்றவில்லை, சோம்பேறித்தனம். அத்தனை உண்மைகளும் சேர்ந்து ஒரு பொய்யைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போயின. மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போது அது மட்டும் எப்படித் தப்பாக இருக்கும்? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மளிகைக் கடைக்காரம்மா என்னிடம் நேராகவே கேட்டார். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"ஏம்மா, நெஜமாவா? ஒங்கம்மாவுக்கு நீதானே பக்கத்துல நின்ன. பாக்காமலா எழுதியிருப்ப?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவைப்பட்டது. எங்கள் அம்மாவின் மூக்குத்தி என் வீட்டு டப்பாவில் இருக்கிறது, எடுத்து வந்து காட்டியிருக்கலாம். ஆனால் அன்று நான் எழுத்தாளர். பட்டறையில் நீங்கள் சொல்லிக் கொடுத்த ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"எது நெஜம், எது கற்பனைன்னு எழுதுனவங்ககிட்ட கேக்கக் கூடாதுங்க" என்றேன். சிரித்துக்கொண்டு.

கடைக்காரம்மா பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். அந்தப் பார்வையோடு எல்லாம் முடிந்தது. பஸ்ஸில் எழுதியதை ஒரு தப்பு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கடையில் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது? தெரிந்தே செய்தேன். கேட்கிறவர்களுக்கு ஆவல் ஏற ஏற எனக்கு இனித்தது.

அக்காவுக்கு வரும் போன்கள் குறைந்தன. பிள்ளைகள் தெருவில் 'கிராம்பு' என்று கத்திவிட்டு ஓடின. அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

சில மாதம் கழித்து சிம்பாங் ரெங்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில் ஒரு பாட்டி தவறிப்போனார். எங்களுக்குத் தூரத்து உறவு. அவருக்குக் கைகால் சரியில்லாத காலத்திலேயே, தான் செத்தால் அக்காதான் குளிப்பாட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாராம். அதனால் கூப்பிட்டார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் அன்று காலைதான் எல்லை தாண்டி வந்து சேர்ந்தாள். நானும் தண்ணீர் தூக்கிக் கொடுக்கத் தார்ப்பாய்க்குள் நின்றேன்.

அக்கா நகைகளைக் கழற்றி அந்த மகளின் கையில் வைத்தார். விரல்களை மூடிவிட்டார். தன் கைகளை விரித்தார். முன்பக்கம், பின்பக்கம்.

"பாத்தீங்கல்ல?"

மகள் நகரவில்லை. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "வாயையும் கொஞ்சம் காட்டிருங்க."

உள்ளே ஐந்து பெண்கள் நின்றோம். ஒருத்திக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றினாள். இன்னொருத்தி என்னைப் பார்த்தாள். என் கையில் தண்ணீர்க் குடம் இருந்தது. நான் அந்தக் குடத்தையே பார்த்தேன்.

அக்கா கோபப்படவில்லை. கையைத் துண்டில் துடைத்தார். இடது கன்னத்திலிருந்து கிராம்பை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். வாயைத் திறந்தார். நன்றாக, பல் டாக்டரிடம் காட்டுவதுபோல், நாக்கையும் தூக்கினார். வெளிச்சம் போதவில்லை என்று அந்த மகள் போனில் விளக்கைப் போட்டாள்.

அப்போது நானும் பார்த்தேன். கீழ் வரிசையில் இடதுபக்கக் கடைவாய்ப் பல் பாதி இல்லை. கறுத்து, குழிந்து, ஈறு வீங்கியிருந்தது. அந்தக் குழிக்குள்தான் கிராம்பு இருந்திருக்கிறது. பல்வலி. பிண வாடையும் இல்லை, எதிர்ப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பல்வலிக்காரி கிராம்பு வைத்துக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார், இத்தனை வருடமாக. நான் அவர் வண்டியில் எத்தனையோ தடவை உட்கார்ந்து போயிருக்கிறேன். ஏன் அக்கா கிராம்பு என்று ஒருநாளும் கேட்டதில்லை. நீங்களும் என்னிடம் கேட்கவில்லை, ஐயா. இரண்டு பேரும் அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டோம்.

"போதுமாம்மா?" என்றார் அக்கா.

அந்த மகள் விளக்கை அணைத்தாள். அக்கா கிராம்பைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டு, கையை மறுபடி அரப்பு போட்டுக் கழுவிவிட்டு, பாட்டியின் தலையைத் தன் முழங்காலில் தூக்கி வைத்தார். "தண்ணி குடு" என்று என்னிடம் கையை நீட்டினார். கொடுத்தேன். கண் இமைக்கும் நேரம்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. காதுக்குள் தண்ணீர் போகாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஊற்றினார். கை நடுங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை.

பத்து நாள் கழித்து நாற்றுப் பண்ணைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கறுப்புப் பைகள் வரிசை வரிசையாக, நடுவில் அவர் முக்காலி போட்டு உட்கார்ந்து மண் அள்ளிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"என்னயப் பத்தி ஏதோ எழுதுனியாமே. என்னன்னு சொல்லாமலே எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்குத் தமிழ் வாசிக்க வராது. மூணாம் வகுப்போட நின்னாச்சு. நீ படி, கேக்குறேன்."

போனில் இருந்தது. வெயிலில் நின்றுகொண்டு படித்தேன். அவர் மண் அள்ளுவதை நிறுத்தாமல் கேட்டார். இரண்டாம் சோறு வந்ததும் சிரித்தார். "இதெல்லாமா எழுதுவ?" என்றார். வாளி வந்தது. "நீல வாளின்னு படிக்கிற. பச்ச லா அது" என்றார். மாற்றிவிடுகிறேன் என்றேன். செத்தவளுக்கு வலிக்குமா என்ற இடத்தில், கையை முழங்காலில் வைத்து, "ஒங்கம்மா மூக்கு ரொம்பச் சின்ன மூக்கு" என்றார்.

அதற்கு அடுத்த பத்திதான் திருட்டு.

நான் அதைப் படிக்கவில்லை. தாண்டிவிட்டேன். கண் போன் திரையிலேயே இருக்க, இல்லாத வரிகளை வாயால் படித்தேன். அவள் மூக்குத்தியை மகளின் கையில் வைத்தாள், கைகளை விரித்துக் காட்டினாள், வண்டியில் ஏறிப் போனாள். நடந்ததை அப்படியே சொன்னேன். கதை அச்சான பிறகு நடந்ததை நடந்தபடி நான் வாயால் சொன்ன ஒரே தடவை அது. அதுவும் ஏமாற்றுவதற்காக.

அவர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க்கா."

"இதுக்கா வாயத் தொறக்கச் சொன்னாங்க?"

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். தார்ப்பாய்க்குள் பார்க்காத அந்தப் பார்வையை அப்போது பார்த்தார். கோபம் இல்லை. ஊதாச் சேலையின் நைந்த கரையைத் தடவிப் பார்த்தாரே, அதுமாதிரி ஒரு பார்வை. "சரி லா" என்றார். "வெயில்ல நிக்காத. வீட்டுக்குப் போ."

அவருக்குத் தெரியும். என்ன எழுதினேன் என்று தெரியாது, எதையோ தாண்டினேன் என்று தெரியும். இப்போது அவர் பாசிர் கூடாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே பேத்தி ஒருத்தி தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். உங்கள் தொகுப்பு ஜோகூர் தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்கெல்லாம் போகும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும், ஐயா. வாளியும் நகவெட்டியும் யாருடையவை என்றும் தெரியும். பாட்டிக்குப் படித்துக் காட்டுவாள். நான் தாண்டிய பத்தியை அவள் தாண்ட மாட்டாள். அதற்காகத்தான் வேண்டாம் என்று கேட்டேன். கும்பிடும் கை போட்டீர்கள்.

சரி. இனி தனியாகக் கேட்கப்போவதில்லை.

தொகுப்பு வெளியீடு அதே பத்து பாகாட் மண்டபத்தில் நடக்கிறது. நான் வருவேன். அம்மாவின் மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு வருவேன், எனக்கு மூக்குக் குத்தியாகிவிட்டது. எங்கள் கடைக்காரம்மாவையும் தார்ப்பாய்க்குள் நின்ற பெண்களையும் வேன் பிடித்துக் கூட்டி வருகிறேன். மேடையில் ஏறி, இதுதான் அந்த மூக்குத்தி, அக்கா இதை என் கையில் வைத்து விரலை மூடினார், நான் பொய் எழுதினேன், கேட்டபோது சிரித்தேன், படிக்கச் சொன்னபோது தாண்டினேன் என்று சொல்வேன். நீங்கள் கொடுத்த பரிசுக் கேடயத்தை மேசையில் வைப்பேன்.

அதன்பிறகு நீங்கள் பேசுங்கள். அந்தக் கதை உங்கள் புத்தகத்தில் இருக்குமா, இருக்காதா? நல்லவளாக இருந்த ஒருத்தியிடம் விரிசல் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டீர்களே, அவரை நீங்கள் ஒருதடவை பார்த்ததுண்டா? வாட்சப்பில் வேண்டாம். தேத்தண்ணி நேரத்தில் ஓரமாகக் கூப்பிட்டும் வேண்டாம். யாராவது நின்று பார்க்கட்டும். அவர் கிராம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து பேருக்கு முன்னால் வாயைத் திறந்தார். நீங்களும் மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் முன்னால் வாயைத் திறங்கள், ஐயா.